பல்லாவரம் பாறை முதல் பெருங்குடி மேடு வரை... குப்பைக்கு அடியில் என்ன இருக்கிறது?

தாம்பரத்தை அடுத்த செம்பாக்கம், மாடம்பாக்கம் பக்கம் ஏதாவது ஒரு தெருவுக்குள் ரிக் வண்டி நுழைந்துவிட்டால், அன்றைக்கு அந்தத் தெருவில் யாருக்கும் வேலை ஓடாது. கம்ப்ரசர் சத்தத்தில் பக்கத்து வீட்டு டி.வி. கேட்காது. மாடியில் காயப்போட்ட துணியெல்லாம் வெள்ளைத்தூள் படியும். ஆனாலும் யாரும் சண்டைக்கு வருவதில்லை. நாளைக்கு அவர்கள் வீட்டுக்கும் இதே வண்டி வரவேண்டியிருக்கும்.

வண்டியோடு வருகிறவர்கள் பெரும்பாலும் திருச்செங்கோட்டுப் பக்கத்துக்காரர்கள். பேச்சு இப்படித்தான் போகும்.

"சார், பாறை வந்துருச்சுங்க. ஓட்டட்டுங்களா?"

"எத்தனை அடி ஆச்சுப்பா?"

"நாப்பது தாண்டிருச்சுங்க சார்."

"பக்கத்து வீட்ல எறநூத்தம்பதுலதான் கெடச்சுதாம். ஓட்டுங்க, பாத்துக்கலாம்."

பைப்பிலிருந்து சாம்பல் நிறத் தூள் பறக்க ஆரம்பிக்கும்போது, வேடிக்கை பார்க்கும் கூட்டத்தில் யாராவது ஒருவர் அந்த ஜோக்கை அடிப்பார்: தண்ணீருக்குப் பதில் பெட்ரோல் வந்தால் எப்படி இருக்கும்? எல்லோரும் சிரிப்பார்கள். வீட்டுக்காரர் மட்டும் சிரிக்க மாட்டார். அவருக்கு அடிக்கணக்கில் காசு போய்க்கொண்டிருக்கிறது.

ஆனால் இந்தக் கேள்வியை ஜோக்காக எடுத்துக்கொள்ளாமல், பல வருடங்கள் ஆராய்ந்து பதில் தேடிய இடம் ஒன்று இருக்கிறது. கழிவைப் புதைப்பதற்கு முன்னால், 'இதற்கு அடியில் எண்ணெயோ எரிவாயுவோ இருக்கிறதா?' என்று பார்த்திருக்கிறார்கள். அவர்கள் ஏன் அப்படிக் கேட்டார்கள் என்று தெரிந்துகொண்டால், தாம்பரத்தைச் சுற்றியுள்ள குப்பைமேடுகளை நாம் பார்க்கும் பார்வையே மாறிவிடும்.

பத்தாயிரம் வருடக் கவலை

அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் கார்ல்ஸ்பாட் என்ற ஊர். அங்கிருந்து கிழக்கே சுமார் 42 கிலோமீட்டரில், தரைக்கு அடியில் 655 மீட்டர் ஆழத்தில், உப்புப் பாறையைக் குடைந்து ஒரு கிடங்கு அமைத்திருக்கிறார்கள். அணு ஆயுதத் தயாரிப்பில் மிஞ்சிய கதிரியக்கக் கழிவு 1999 மார்ச் முதல் அங்கே இறங்குகிறது. விப் என்று சுருக்கமாகச் சொல்வார்கள்.

இடம் தேர்ந்தெடுத்தபோதே தோண்டிப் பார்த்தார்கள். 1975-ல் முதலில் நினைத்திருந்த இடத்தில் போட்ட ஆழ்துளையில், அழுத்தத்தோடு உப்புநீரும் நாற்றமடிக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவும் கிளம்பின. 'பரவாயில்லை, சமாளிக்கலாம்' என்று யாரும் சொல்லவில்லை. இடத்தையே சில மைல் தள்ளி மாற்றிவிட்டார்கள்.

அந்தப் பகுதி எண்ணெய் வளம் கொழிக்கும் படுகை. கிடங்கைச் சுற்றி எண்ணெய்க் கிணறுகள் நிறையவே இருக்கின்றன. அதனால்தான் அந்தக் கேள்வி வந்தது. எரிவாயுவை எடுத்துச் சம்பாதிக்க வேண்டும் என்பது அவர்கள் நோக்கமல்ல. இன்னும் சில நூறு வருடங்கள் கழித்து, இங்கே கழிவு புதைந்திருப்பது தெரியாத யாரோ ஒருவர் எண்ணெய் தேடித் துளை போட்டுவிட்டால்? அந்தத் துளை வழியாகக் கழிவு மேலே வந்துவிட்டால்?

அங்குள்ள விதிகள் 10,000 வருடங்களைக் கணக்கில் எடுக்கச் சொல்கின்றன. அதில் காவல், வேலி, அலுவலகம் எல்லாம் 100 வருடங்களுக்கு மேல் நீடிக்கும் என்று நம்பவே கூடாது. அதற்குப் பிறகு யாரோ துளை போடுவார்கள் என்றே வைத்துக்கொண்டு கணக்குப் போட வேண்டும். எதிர்கால மனிதர்களை எச்சரிக்க எப்படிப்பட்ட கற்களை நடலாம், எந்தெந்த மொழிகளில் எழுதலாம் என்று 1990-களில் நிபுணர் குழு உட்கார்ந்து யோசித்திருக்கிறது.

சுருக்கமாகச் சொன்னால், கழிவு போடும் இடத்தில் முதலில் கேட்க வேண்டியது இதுதான்: பின்னால் வருகிறவர்கள் எதைத் தேடி இங்கே துளை போடுவார்கள்?

இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டு பல்லாவரத்தில் இறங்கலாம்.

கல்லறையிலிருந்து வந்த பெயர்

பல்லாவரம் ரயில் நிலையத்தில் இறங்கினால் கண்ணில் படுவது குன்றுகள். திரிசூலம், பரங்கிமலை, பல்லாவரம் என்று வரிசையாக நிற்கும் இந்தக் குன்றுகளுக்கு உலக நிலவியல் புத்தகங்களில் தனி இடம் உண்டு.

கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனியின் வணிகக் குடியிருப்பை நிறுவிய ஜாப் சார்னாக்கின் கல்லறை, அங்குள்ள செயின்ட் ஜான்ஸ் தேவாலய வளாகத்தில் இருக்கிறது. கல்லறைக்கு வைத்த கரும்பலகைக் கல் சென்னைப் பக்கத்துக் குன்றுகளிலிருந்து போனது. இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் இருந்த தாமஸ் ஹாலண்ட் அந்தக் கல்லை ஆராய்ந்து, 1893-ல் 'சார்னோகைட்' என்று பெயர் வைத்தார். பரங்கிமலையில் உள்ள சார்னோகைட் பாறை இன்று தேசிய நிலவியல் நினைவுச்சின்னம். செம்பாக்கத்து ரிக் வண்டியிலிருந்து பறக்கும் சாம்பல் தூளுக்கும் இந்த வகைப் பாறைதான் காரணம்.

இதே பல்லாவரத்தில் 1863 மே 30 அன்று, ராபர்ட் புரூஸ் ஃபூட் சரளைக்கல் குழியில் ஒரு கற்கருவியைக் கண்டெடுத்தார். இந்தியாவின் பழைய கற்கால ஆராய்ச்சி அங்கேதான் தொடங்கியது. இந்த மண்ணைத் தோண்டி உலகத்துக்குச் செய்தி சொல்வது புதிதல்ல.

சரி, இந்தப் பாறைக்குள் எண்ணெய் இருக்குமா?

எண்ணெயும் எரிவாயுவும் பெரும்பாலும் படிவுப் பாறைகளில் உருவாகின்றன. கடலடியிலோ ஏரியடியிலோ செத்து மடிந்த நுண்ணுயிர்களும் தாவரங்களும் சேற்றோடு சேர்ந்து படிந்து, சில கிலோமீட்டர் ஆழத்துக்குப் புதைந்து, அளவான சூட்டில் பல லட்சம் வருடங்கள் வெந்தால் எண்ணெய் ஆகும். சூடு இன்னும் கூடினால் வாயு ஆகும். அதற்கும் மேல் போனால் ஒன்றும் மிஞ்சாது.

சார்னோகைட் அந்தக் கடைசி ரகம். சுமார் 250 கோடி வருடங்களுக்கு முன்பு, பூமிக்குள் வெகு ஆழத்தில், நூற்றுக்கணக்கான டிகிரி சூட்டில் உருவானது. எண்ணெய் வேக வேண்டிய அடுப்பில் இட்லி வேகிறது என்றால், சார்னோகைட் உருவான சூடு செங்கல் சூளை. இட்லி மாவைச் சூளையில் வைத்தால் என்ன ஆகும்?

கெட்டிப் பாறையில் எண்ணெய் கிடைத்ததே இல்லையா என்றால், கிடைத்திருக்கிறது. நம் காவிரிப் படுகையில் மாதானம் பகுதியில், அடித்தளப் பாறையின் வெடிப்புகளிலிருந்தே எண்ணெய், எரிவாயு எடுக்கிறார்கள். ஆனால் அந்தப் பாறை எண்ணெயைத் தயாரிக்கவில்லை. அதை ஒட்டிக் கிடக்கும் பல கிலோமீட்டர் தடிமனான படிவுப் பாறைகளில் உருவான எண்ணெய், வெடிப்புகளுக்குள் கசிந்து தங்கியிருக்கிறது. பல்லாவரம் குன்றுகளுக்கு அப்படிப்பட்ட பக்கத்து வீட்டுக்காரர் கிடையாது.

அதனால்தான் தமிழ்நாட்டில் ஹைட்ரோகார்பன் என்றதும் நரிமணமும் நெடுவாசலும் நினைவுக்கு வருகின்றன. மணலியில் சுத்திகரிப்பு ஆலையின் தீக்கொழுந்தைப் பார்த்துவிட்டு, 'சென்னையிலும் எண்ணெய் இருக்கிறதோ?' என்று குழந்தைகள் கேட்டால், அங்கே கச்சா எண்ணெய் கப்பலில் வந்து இறங்குகிறது என்று சொல்லிவிடலாம்.

ஆக, பல்லாவரத்துக்கு அடியில் எண்ணெய்க்கு வாய்ப்பில்லை. ஆனால் மாதானத்தில் நடந்ததை ஒரு ஓரமாக நினைவில் வையுங்கள். கெட்டிப் பாறையிலும் வெடிப்பு உண்டு. வெடிப்பு இருந்தால் எது வேண்டுமானாலும் அதன் வழியே நகரும். பல்லாவரத்திலும் தாம்பரத்திலும் அந்த வெடிப்புகளில் நிற்பது தண்ணீர். ரிக் வண்டி 250 அடியில் தேடுவது அதைத்தான்.

கல் வெட்டிய பள்ளங்கூட இங்கே வீணாகப் போகவில்லை. குன்றத்தூர் பக்கம் சிக்கராயபுரம் கல்குவாரிகளில் தேங்கிய நீரைச் சுத்திகரித்து, 2017-லும் 2019-லும் வறட்சி வந்தபோது சென்னைக்குக் குடிக்கக் கொடுத்தார்கள்.

200 அடி ரோட்டில் ஒரு பயணம்

பல்லாவரத்திலிருந்து துரைப்பாக்கம் போகும் ரேடியல் ரோட்டை இங்கே எல்லோரும் 200 அடி ரோடு என்பார்கள். கிளம்பிய கொஞ்ச நேரத்திலேயே சாலை ஒரு ஏரியை இரண்டாகப் பிளந்துகொண்டு போகும். அதுதான் பல்லாவரம் பெரிய ஏரி. நீண்ட காலம் ஊர்க்குப்பை வந்து விழுந்த ஏரி.

கீழ்க்கட்டளை தாண்டிப் போகப் போகத் தரை தாழ்கிறது. மழைக்காலத்தில் சுமார் 250 சதுர கிலோமீட்டர் பரப்பில் விழும் தண்ணீர், ஏரி ஏரியாக நிரம்பி வழிந்து கடைசியில் வந்து சேரும் தாழ்வு அது. பள்ளிக்கரணை சதுப்புநிலம். இங்கிருந்து ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்குப் போய், கோவளம் பக்கம் கடலில் கலக்கிறது. 2022-ல் 1,247 ஹெக்டேர் பரப்புக்கு ராம்சார் அங்கீகாரம் கிடைத்தது. பூநாரைகள் வந்து இறங்கும்போது, பைக்கை ஓரங்கட்டி செல்போனில் படம் எடுக்காதவர்கள் குறைவு.

இங்கே பாறைக்கு மேலே களிமண்ணும் மணலும் மாறி மாறிப் படிந்திருக்கின்றன. கடற்பஞ்சு மழைத்தண்ணீரைக் குடிப்பது போல இந்த மண் குடித்து வைத்துக்கொள்கிறது. சுற்றியுள்ள நகர்களின் போர்களுக்கு அதுதான் சேமிப்பு. 2019 ஜூனில் சென்னை தண்ணீருக்குத் தவித்தபோது, பழைய மகாபலிபுரம் சாலையின் ஐ.டி. கம்பெனிகள் சில ஊழியர்களை வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொன்னது நினைவிருக்கலாம். அந்தச் சாலை முழுக்க ஓடிய லாரித் தண்ணீரும் தென்புறநகர்க் கிணறுகளை நம்பியே இருந்தது.

நியூ மெக்சிகோவின் கேள்வியை இங்கே கேட்டால் பதில் சொல்ல 10,000 வருடம் காத்திருக்க வேண்டாம். எதைத் தேடித் துளை போடுவார்கள்? தண்ணீரைத் தேடி. எப்போது? போன வாரம் போட்டார்கள். அடுத்த வாரமும் போடுவார்கள்.

அப்படிப்பட்ட இடத்தில்தான் பெருங்குடி குப்பைமேடு இருக்கிறது.

மேட்டுக்குள் இருக்கும் வாயு

தென்சென்னையின் குப்பை 1980-களிலிருந்து இங்கே வந்து கொட்டியது. சதுப்புநிலத்தின் ஒரு பகுதியிலேயே மேடு வளர்ந்து, சுமார் 225 ஏக்கர் வரை பரவியது. அடியில் பிளாஸ்டிக் விரிப்பு கிடையாது, களிமண் தளம் போடவில்லை. சதுப்பின் மேலேயே குப்பை.

இங்கே எரிவாயு உண்டு. ஆனால் அது பாறையிலிருந்து வருவதல்ல. சோறு, காய்கறித் தோல், வாழையிலை, காகிதம் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக அமுங்கி, உள்ளே காற்றுப் போகாமல் அழுகும்போது நுண்ணுயிர்கள் மீத்தேனை உருவாக்குகின்றன. குப்பைமேட்டு வாயுவில் ஏறக்குறைய பாதி மீத்தேன், மீதிப் பெரும்பகுதி கார்பன் டை ஆக்சைடு. பூமி பல லட்சம் வருடங்களில் செய்யும் வேலையின் அவசரப் பதிப்பு என்று சொல்லலாம்.

இன்னொரு விஷயம். மூக்கைப் பொத்திக்கொள்ள வைக்கும் அந்த நாற்றம் மீத்தேன் அல்ல. மீத்தேனுக்கு வாசனையே கிடையாது. நாற்றம் இல்லை என்பதால் வாயு இல்லை என்று அர்த்தமில்லை.

எவ்வளவு வாயு? இதையும் அளந்திருக்கிறார்கள். கொடுங்கையூர், பெருங்குடி மேடுகளில் எடுத்த அளவீடுகள் 2008-ல் ஒரு சர்வதேச ஆய்விதழில் வெளியாயின. பெருங்குடியில் ஒரு சதுர மீட்டரிலிருந்து ஒரு மணி நேரத்தில் வெளியேறிய மீத்தேன், ஓரிடத்தில் 0.9 மில்லிகிராம். இன்னோரிடத்தில் 433 மில்லிகிராம். ஒரே மேட்டில், சுமார் 480 மடங்கு வித்தியாசம். 2000-ம் ஆண்டுக்குச் சென்னைக் குப்பையிலிருந்து மொத்தமாக வெளியேறிய மீத்தேன் சுமார் 120 டன் என்று அந்த ஆய்வு மதிப்பிட்டது.

அந்த 120 டன்னை அடுப்புக் கணக்கில் மாற்றினால், சுமார் 9,000 வீட்டு சிலிண்டர்களுக்குச் சமம். ஒரு வருடம் முழுக்க, மொத்தச் சென்னைக்கும். பெரிய நகரத்துக்கு இது வளம் என்று சொல்லிக்கொள்ளும் அளவு இல்லை. மூடாமல் கொட்டிவைத்த மேட்டில் காற்று புகுந்துகொண்டே இருக்கும். அடிக்கடி தீயும் பிடிக்கும். குழாய் போட்டு ஒழுங்காக வாயு எடுக்க அது தோதான இடமே இல்லை.

வளமாகப் போதாத அந்த வாயு, ஆபத்துக்குப் போதும். காற்றில் 5 முதல் 15 சதவீதம் மீத்தேன் கலந்திருந்தால் ஒரு பொறியில் வெடிக்கும். 2022 ஏப்ரல் 27 அன்று பெருங்குடி மேடு தீப்பிடித்தது. சில நாட்கள் விடாமல் எரிந்தது. தீயணைப்பு வண்டிகள் ஒருபக்கம் அணைத்தால் இன்னொரு பக்கம் புகையும். பள்ளிக்கரணை, பெருங்குடி, துரைப்பாக்கம் வீடுகளில் சித்திரை வெயிலிலும் ஜன்னலைச் சாத்தி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஆஸ்துமா உள்ள பெரியவர்களும் கைக்குழந்தைகளும் உள்ள வீடுகளுக்கு அந்த வாரம் எப்படிப் போயிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

இதில் இன்னொரு வேடிக்கை. சதுப்பின் மேற்கு ஓரத்தில், வேளச்சேரி - தாம்பரம் சாலையில் தேசிய கடல்சார் தொழில்நுட்பக் கழகம் இருக்கிறது. ஆழ்கடலுக்கு அடியில் உறைந்து கிடக்கும் மீத்தேனை ஆராயப் பயன்படும் ரோசப்-6000 என்ற நீர்மூழ்கி இயந்திரத்தை உருவாக்கிய நிறுவனம் அது. கிருஷ்ணா - கோதாவரிப் படுகைக் கடலுக்கடியில் மீத்தேன் தேடும் ஊரில், சாலைக்கு அந்தப் பக்கம் அதே மீத்தேன் சும்மா காற்றில் போய்க்கொண்டிருந்தது. வெப்பத்தைப் பிடித்து வைப்பதில் கார்பன் டை ஆக்சைடைவிட அது நூறு வருடக் கணக்கில் சுமார் 28 மடங்கு வலியது.

பெருங்குடியில் பயோமைனிங் தொடங்கினார்கள். பழைய குப்பையைத் தோண்டி, சலித்து, மண்ணைத் தனியாக, கல்லைத் தனியாக, எரியக்கூடிய பிளாஸ்டிக்கைத் தனியாகப் பிரிக்கும் வேலை. பிளாஸ்டிக் சிமென்ட் ஆலைகளுக்கு எரிபொருளாகப் போகிறது. சுமார் 34 லட்சம் கன மீட்டர் குப்பைக்குச் சுமார் 350 கோடி ரூபாய் திட்டம். கொட்டும்போது செலவே இல்லை என்று நினைத்த குப்பைக்கு, முப்பது நாற்பது வருடம் கழித்து வந்த பில் இது.

குப்பைமேடு இருந்த இடத்தில்... வெடித்த வீடு

மேட்டை மண்ணால் மூடிவிட்டால் போதாதா என்று சிலர் கேட்பதுண்டு. இங்கிலாந்தின் டெர்பிஷயர் பகுதியில் லாஸ்கோ என்ற கிராமத்தில் அப்படித்தான் மூடினார்கள். பழைய குவாரிக் குழியைக் குப்பையால் நிரப்பி, மேலே மண் போட்டு மூடியாகிவிட்டது. 1986 மார்ச் 24 அதிகாலையில், அந்தக் குழியிலிருந்து சுமார் 70 மீட்டர் தள்ளியிருந்த ஒரு வீடு வெடித்துச் சிதறியது. உள்ளே இருந்த மூன்று பேர் காயத்தோடு தப்பினார்கள்.

மேலே போக வழியில்லாத மீத்தேன், பக்கவாட்டில் பாறை வெடிப்புகள் வழியாக நகர்ந்து வீட்டுக்கு அடியில் சேர்ந்திருக்கிறது. அன்றைக்கு வளிமண்டல அழுத்தம் சட்டென்று இறங்கியதால் வாயு வேகமாக மேலே வந்தது என்று விசாரணையில் தெரிந்தது.

மாதானத்தில் எண்ணெயைச் சேர்த்து வைத்ததும் வெடிப்புதான். தாம்பரத்தில் போர்த் தண்ணீர் தருவதும் வெடிப்புதான். லாஸ்கோவில் வாயுவை வீட்டுக்குள் கொண்டுவந்ததும் அதுதான். குப்பையிலிருந்து வடியும் கறுப்புச் சாறும் அதே வழியில் போகும். பாறைக்கு நல்லது கெட்டது தெரியாது.

அகரம்தென் தாண்டி...

இப்போது வேளச்சேரி சாலையில் மேடவாக்கம், செம்பாக்கம் வழியாகத் தாம்பரம் நோக்கி வரலாம். கேம்ப் ரோடு சந்திப்பில் திரும்பி அகரம்தென் தாண்டினால் கட்டடங்கள் குறைந்து பச்சை கூடுகிறது. அந்தப் பக்கம்தான் வேங்கடமங்கலம். பல்லாவரம், தாம்பரம் நகராட்சிகளாக இருந்த காலத்தில், இரண்டு ஊர்க் குப்பைக்கும் சேர்த்து இடம் ஒதுக்கித் திட்டம் போட்ட ஊர். சுற்றுவட்டார மக்கள் முதலிலிருந்தே எதிர்ப்புத் தெரிவித்து வந்தார்கள். அவர்கள் முன்வைத்த முக்கியமான கவலை எண்ணெயோ எரிவாயுவோ அல்ல, கிணற்றுத் தண்ணீர்.

2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சி உருவானது. தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் ஆகிய ஐந்து நகராட்சிகளும், சிட்லப்பாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கன்கரணை, திருநீர்மலை ஆகிய ஐந்து பேரூராட்சிகளும் சேர்ந்தன. எழுபது வார்டுக் குப்பையும் எங்கேயாவது போயாக வேண்டும். அதனால் 'அடுத்த இடம் எது?' என்ற கேள்வி இந்தப் புறநகரை விட்டுப் போகாது.

அப்படி ஒரு இடம் பேச்சில் அடிபடும்போது பொதுமக்கள் எதைக் கேட்கலாம்? 2016-ம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் சொன்ன அளவுகளே நல்ல தொடக்கம்.

* நிலநிரப்பும் இடம் ஆற்றிலிருந்து 100 மீட்டர், குளத்திலிருந்து 200 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். வீடுகள், நெடுஞ்சாலை, குடிநீர்க் கிணறுகளிலிருந்தும் 200 மீட்டர்.
* அடியில் 90 சென்டிமீட்டர் களிமண் தளம், அதற்கு மேல் 1.5 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் விரிப்பு.
* நிலத்தடி நீர் மட்டம் எவ்வளவு உயர்ந்தாலும், அந்தத் தளத்துக்கு 2 மீட்டர் கீழேதான் நிற்க வேண்டும்.
* மீத்தேனின் அளவு, வெடிக்கக்கூடிய குறைந்தபட்ச அளவில் 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது.
* விமான நிலையம், விமானப்படைத் தளத்திலிருந்து 20 கிலோமீட்டர் தள்ளி இருக்க வேண்டும். 10 முதல் 20 கிலோமீட்டருக்குள் என்றால் தடையில்லாச் சான்று வேண்டும்.

வரைபடத்தை எடுத்து மீனம்பாக்கத்தில் ஒரு புள்ளி, தாம்பரம் விமானப்படைத் தளத்தில் ஒரு புள்ளி வைத்து வட்டம் போட்டுப் பாருங்கள். பல்லாவரம், பள்ளிக்கரணை, பெருங்குடி, வேங்கடமங்கலம் எல்லாமே 20 கிலோமீட்டருக்குள் வந்துவிடும். இரண்டு மீட்டர் விதியை வைத்துப் பாருங்கள். 2015 டிசம்பரில் முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் படகு ஓட்டினார்கள். நிலத்தடி நீர் நிலத்துக்கு மேலேயே வந்து நிற்கும் ஊர்களில் அந்த இரண்டு மீட்டரை எங்கே தேடுவது?

அதாவது, புதிதாக ஒரு குப்பைமேடு போடத் தகுந்த இடம் இந்தப் புறநகரில் கிடைப்பது மிகவும் கடினம். அதே விதிகள், மக்கும் குப்பையை நிலத்தில் கொட்டவே வேண்டாம், வேறு எதற்கும் உதவாத மிச்சத்தை மட்டும் புதையுங்கள் என்றும் சொல்லியிருந்தன.

மக்கும் குப்பையை என்ன செய்வது என்பதற்கும் ஊரிலேயே உதாரணம் இருக்கிறது. கோயம்பேடு மார்க்கெட் கழிவிலிருந்து வாயு எடுத்து மின்சாரம் தயாரிக்க, நாளுக்கு 30 டன் கொள்ளளவில் 2005-லேயே ஆலை அமைத்தார்கள். மேட்டுக்குள் புதைந்தால் வெடிக்கிற அதே மீத்தேன், மூடிய தொட்டிக்குள் உருவானால் எரிபொருள். ஆனால் தொட்டிக்குள் பிளாஸ்டிக் பையும் பேட்டரியும் போனால் வேலை நின்றுவிடும். அதனால் இந்தக் கதை, காலையில் குப்பை வண்டி மணி அடிக்கும்போது நம் வாசலில் எத்தனை பக்கெட் இருக்கிறது என்பதில் வந்து நிற்கிறது.

மறுபடியும் அந்த ரிக் வண்டி

செம்பாக்கத்துத் தெருவில் மாலை ஆகிவிட்டது. சாம்பல் தூள் ஈரமாகி, பிறகு சேறாகி, கடைசியில் பைப்பிலிருந்து தண்ணீர் பீச்சி அடிக்கிறது. வீட்டுக்காரர் முகத்தில் காலையிலிருந்து இல்லாத சிரிப்பு. யாரோ ஒரு சொம்பு கொண்டுவந்து பிடிக்கிறார்கள். கலங்கல்தான், நாளைக்குத் தெளிந்துவிடும்.

தொட்டு நாக்கில் வைத்துப் பார்க்கிறார் வீட்டம்மா. உப்பா, நல்ல தண்ணியா என்று தெரு முழுக்க அவர் முகத்தையே பார்க்கிறது.

"நல்ல தண்ணிதாங்க" என்கிறார்.

நூறு வருடம் கழித்தும் இதே தெருவில் யாரோ துளை போடுவார்கள். அவர்களும் தேடப்போவது இதைத்தான். அடுத்த குப்பைக் கிடங்குக்கு எங்கேயாவது இடம் பார்க்கிறார்கள் என்றால், முதல் வேலையாக இந்தச் சொம்புத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிட்டுப் போகட்டும்.